ஆதாரம், ஆழம், தேதி

எடுக்கும் தண்ணீரிலேயே இரண்டு தரம் அலசி
கழுத்துவரை நிரப்பி
காற்றுப் புகாமல் மூடிக் கொண்டுவாருங்கள்.
இதைச் சொல்லிச் சொல்லியே
எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.
சாயல்குடியில்
தண்ணீரை அலசிக் கொட்டச் சொல்கிறவளை
ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள்.

இன்று வந்தவை நாற்பத்தேழு குப்பிகள்.
கலர் பாட்டிலில் ஒன்று,
நல்லெண்ணெய் வாடையோடு ஒன்று,
மூக்கையூர்ச் சந்தியாகு கொடுத்தனுப்பியதில்
அடியில் ஒரு சிப்பிக்குஞ்சு.
ஆதாரம் என்ற கட்டத்தில்
‘ஆற்று ஊற்று’ என்று எழுதியிருந்தார்.
நான் அதை அடிக்கவில்லை.

அளந்த தண்ணீரில்
குரோமேட் மூன்று சொட்டு.
காமாலைக் கண்போல மஞ்சளாகும்.
மேலே பியூரெட்டில் வெள்ளி நைட்ரேட்.
திருகைத் தொட்டும் தொடாமலும் இறக்க வேண்டும்.
உப்பு இருக்கும்வரை
வெள்ளி அதோடு கூடித் தயிராய்த் திரியும்.
உப்பு தீர்ந்த மறு சொட்டில்
குடுவை செங்கல் நிறத்துக்குத் திரும்பும்.
நான் இந்த வேலையில் சேர்ந்த வருஷம்
நாலு மில்லியில் சிவந்த ஊர்கள் இவை.
இப்போது
பியூரெட் ஒருமுறை காலியாகி
மறுபடி நிரப்புகிறேன்.
மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது.

போன மாசி மாதம் குண்டாற்றுக்குள் இறங்கினேன்.
சீட்டில் சவுடு, மூன்றடி.
நான் விட்ட கயிறு இருபத்தாறு அடி போனது.
குழிக்குள் தேங்கிக் கிடந்ததில்
மடவை துள்ளியது.
கடல் மீன்.
கூட வந்த பையன்கள்
சட்டையைக் கழற்றி வீசிப் பிடித்தார்கள்.
அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு.
மணலுக்குள் உட்கார்ந்திருந்த
நல்ல தண்ணீரின் கனம்தான்
இத்தனை காலம் கடலை எட்ட நிறுத்தியது என்று
அப்போது சொல்ல வாயெடுத்தேன்.
மீன் ஆளுக்கு மூன்று வந்தது.
எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள்.

நாற்பத்தேழாவது, லாரி ஓட்டும் வழிவிட்டானுடையது.
வீட்டுக் கிணறு. ஆழம்: ஒரு கோடு.
“பருப்பு வேக மாட்டேங்குது.
சோறு மஞ்சளாப் பொங்குது.
என்னன்னு பாத்துச் சொல்லுங்க” என்று
பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.
வாசலில் லாரி.
தார்ப்பாய்க்குக் கீழே
பின்கதவு இடுக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

ஏன் போனேன் என்று தெரியவில்லை.
ஒரு குப்பியை அடியில் பிடித்துக்கொண்டு
வெயிலில் நின்றேன்.
இரண்டு தரம் அலசினேன், சட்டப்படி.
கால் குப்பி சேர முக்கால் மணி நேரம்.
தெருநாய் ஒன்று வந்து
குளம்படிபோல் தேங்கியதை நக்கிவிட்டு
என்னைப் பார்த்தது.

வடிகட்டி, அளந்து, மூன்று சொட்டு விட்டு
திருகைத் தொட்டேன்.
நாலரை மில்லியில் சிவந்தது.
நம்பாமல் இன்னொரு முறை செய்தேன்.
அதே நாலரை.

நாற்பத்தேழு: குடிக்க ஏற்றதல்ல.
கையொப்பம், செ. பரக்கத் நிஷா.
அவர் தாளை வாங்கி, திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றும் இல்லை.
பிறகு மேசையில் இருந்த இரண்டு குடுவைகளையும்.
“அது எவ்வளவு வந்துருக்கு?”
“நாப்பத்தஞ்சு.”
“அம்புட்டு நல்ல தண்ணியா!
எந்த ஊர்க் கிணறும்மா?
நாளைக்கே ரெண்டு டிரம் போட்டு
ஒரு நடை போய்ட்டு வந்துர்றேன்.”

நான் ஜன்னலைக் காட்டினேன்.
அவர் தெருவைப் பார்த்தார்,
எதிர் வீட்டு அடிபம்பைப் பார்த்தார்,
லாரியை மட்டும் பார்க்கவில்லை.
அது அவருடையது,
அங்கே நிற்பது அவருக்குத் தெரியும்.

சாவியை எடுத்துக்கொண்டு போனார்.
கிழக்குக் கடற்கரைச் சாலைத் திருப்பம்வரை
தார் மேல் ஈரப் புள்ளிகள்.
நான் நாற்பத்தெட்டாம் சீட்டை எடுத்தேன்.
தேதி எழுதினேன்.
ஆழம்: தெரியாது.
ஆதாரம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
வெளியே பார்த்தேன்,
புள்ளிகளில் பாதி
அதற்குள் காய்ந்திருந்தன.